சீர்த்தட்டில் வந்த கிட்டார்

அருப்புக்கோட்டையில் அத்தை வீட்டு டிவியில் பாட்டு அலற, அவள் பேரன் வீடியோ கேமுக்கான பிளாஸ்டிக் கிட்டாரின் பொத்தான்களை அமுக்கி விளையாடுகிறான். அந்த 'டக் டக்' எனக்குப் பழைய எரிச்சல்.

என் காதுகுத்துக்குத் தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து இதே மாதிரி கிட்டாரைத்தான் சீர்த்தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அது பாட டிவியில் மாட்டும் கேம் பெட்டியும் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. மொட்டையில் பூசிய சந்தனம் காயுமுன்னே என்னை வாசிக்கச் சொன்னார்கள். 'டக் டக்' மட்டுமே வந்தது.

"நரம்பே இல்லாத கிட்டாரு! தாய்மாமன் சீரோட லட்சணத்தப் பாருங்க," என்றாள் இதே அத்தை. பந்தியே சிரித்தது. மாமா சாப்பிடாமல் பஸ் ஏறினார். சாகும்வரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

"எம்பேரன் எப்புடி வாசிக்கிறான் பாத்தியாடா?" என்கிறாள் அத்தை.

"மாமா கொண்டாந்ததும் இதேதான் அத்த."

"எந்த மாமாடா?"