பாறைக்குப் பிடித்த குடை

மலை இடிந்து விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். போடிநாயக்கனூர் டீக்கடையில், மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்குப் போகும் ஜீப்புக்காக நிற்கிறேன். மழை தூறுகிறது. பெரிய பெரிய பாறைகளை ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்கிறது. கடற்கரையில் பிறந்தவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? பாதையில் சரிந்ததைத்தான் அள்ளி வருகிறார்கள் என்று முடிவுகட்டி, கடைக் கூரைக்குக் கீழேயே குடையை விரித்துப் பிடிக்கிறேன்.

லாரி டிரைவர் டீயை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "என்னண்ணே, பாறைக்குக் குடையா?"

"மேல மலை சரிஞ்சிருச்சா தம்பி?"

"அட போங்கண்ணே! இது குவாரிக் கல்லு. கடலு கரையை அரிக்குதாம்ல, அங்க தடுப்புப் போடக் கொண்டு போறேன்."

அவர் சொல்லும் ஊர், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். குடையை மடக்குகிறேன். அங்கே கல் போட்டால், கரையோரமாக நீரோட்டம் கொண்டுவரும் மணல் அங்கேயே தங்கிவிடும். எங்கள் கரைக்கு வராது. முன்பு ஆடியில் மட்டும் ஏறிய கடல், இப்போது சித்திரையிலேயே ஏறுகிறது.

"அதுக்கு அடுத்த ஊருதான் தம்பி எங்க ஊரு. அங்கயும் ரெண்டு லோடு தட்டிட்டுப் போங்களேன்."

"எங்க தட்டணும்னு நானாண்ணே சொல்றேன்?" அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது. "உங்க வீடு கரையில இருந்து தள்ளித்தானே இருக்கு?"

"தள்ளித்தான் இருந்துச்சு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "வர்றேண்ணே" என்று லாரியில் ஏறுகிறார்.

மலை சரியவில்லை. ஜீப்பு பத்திரமாகப் போய்த் திரும்பியது. அடுத்த ஆடியில் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரும் அடுப்படியும் கடலுக்குள் போயின.