நிலத்துக்குள் ஒரு படி

எனக்கு வேலை கல்லோடு. வீடு கொட்டாஞ்சேனையில், கல் வெட்டுகிற பட்டறை மருதானையில். படிப்பு குறைவு. சமையல் மேசைக்கும் மாடிப்படிக்கும் கல் பதிப்பேன். இப்போதைய வீடுகளில் கல் எதையும் தாங்குவதில்லை. தோல் மாதிரி மேலே கிடக்கிறது. அதுவும் போதும். வெயிலில் வந்தவன் வெறுங்காலை அதில் வைத்ததும் வீட்டுக்கு வந்துவிட்டது தெரிந்துவிடும்.

கறுப்புக் கல்லைத் தண்ணீர் ஊற்றித்தான் வெட்டவேண்டும். நனைந்தால் உள்ளே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். பார்க்கப் பார்க்க ஆழம் கூடும். கை உள்ளே போய்விடும் போல இருக்கும். வைத்துப் பார்த்திருக்கிறேன். போகாது.

வெள்ளவத்தையில், கடல் பக்கமாக ஒரு பிளாட். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து ஐயாவும் அம்மாவும். ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையால் குமிழைத் தள்ளினால் ஓடுகிற நாற்காலியில்தான் இருப்பார். அவருக்காகவே வீட்டை உடைத்துத் திருத்தினார்கள். அவர் கேட்டது ஒன்றுதான். தன்னை யாரும் தூக்கி உள்ளே விடக்கூடாது. அதனால் வீட்டை வரைந்த பெண், ஆர்க்கிடெக்ட் பிள்ளை, வாசலில் படி வைக்கவில்லை. வெளி நடையும் உள் நிலமும் ஒரே மட்டம்.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"வாசற்படி இல்லாத வீடோ? மஞ்சள் குங்குமத்தை எங்க வைக்கிறது, லிஃப்டிலயோ?"

"படி வச்சா அங்கிள்ட வீல்செயார் ஏறாது அன்ட்டி."

"விரலளவு வையன் பிள்ளை."

"அந்த விரலளவிலதான் முன்சில்லு சிக்கும்."

அம்மா என்னிடம் திரும்பினார். "தம்பி, நீர் சொல்லும்."

"நான் கல்லு போடுறவன் அம்மா. சண்டை முடிஞ்ச பிறகு சொல்லுங்க."

வெளி நடையில் இருந்த ஐயா சிரித்தார். அவருக்குச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். பேச்சும் மெதுவாகத்தான் வரும்.

"படி இருக்கட்டும். நிலத்துக்குள்ள இருக்கட்டும்."

ஆர்க்கிடெக்ட் பிள்ளை குனிந்து வாசலுக்குக் குறுக்கே பென்சிலால் கோடு போட்டாள். அந்தக் கோட்டில் கறுப்புக் கல் வரும், மட்டம் மாறாமல்.

"படி எண்டா உயரோணும்," என்றார் அம்மா.

"உயர்ந்தா நான் வெளியில. அதுவோ வேணும்?" ஐயா கேட்டார்.

அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மினுக்காத கல்லாகக் கொண்டுபோய்ப் பதித்தேன். பின்னேரம். கடல் வெளிச்சம் நடை வழியாக ஊர்ந்து வந்து கல்லில் இறங்கியது. மற்றத் தரை பளிச்சென்று திருப்பி அனுப்பியது. இது வைத்துக்கொண்டது. கீழே கடலோரத் தண்டவாளத்தில் ரயில் போனது. உள்ளங்கையைக் கல்லில் வைத்திருந்தேன். மெல்லிய நடுக்கம் வந்து, நின்றது. யாரோ தூக்கத்தில் புரண்டு படுத்தது போல. வேலை முடிந்தும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

பால் காய்ச்சுகிற நாளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கல்லின் இரண்டு பக்கமும் அம்மா மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார். லிஃப்ட் திறந்தது. ஐயா வேட்டியோடு வந்தார். நாற்காலி கல்லுக்கு முன்னால் நின்றது.

அம்மா பயந்துவிட்டார். "ஏன் நிண்டுட்டீங்கள்? தட்டுதோ?"

"தட்டேல்லை. வலது கால் முதல் எல்லோ."

குனிந்தார். இடது கையால் வலது காலைப் பிடித்துத் தூக்கினார். அது வாழைத்தண்டு மாதிரி வந்தது. அம்மா ஓடிவந்தவர் பாதியில் நின்று கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். ஐயா காலைக் கல்லில் இறக்கி வைத்தார். பாதம் முழுவதும் கல்லில் படிந்தது.

"குளிர் தெரியுதோ?" அம்மா கேட்டார்.

"இல்லை. ஆனா வச்சாச்சு."

காலைத் திரும்பத் தூக்கி நாற்காலியின் கால்தாங்கியில் வைத்தார். குமிழைத் தள்ளினார். சில்லு கல்லுக்கு மேலால் போனது. சத்தம் வரவில்லை.