கடலுக்குள் ஓர் உபயக் கல்

சேகர் மாரடைப்பில் போய்விட்டான் என்ற செய்தி எங்கள் டைவிங் குழுவின் வாட்ஸாப்பில் காலையில் வந்தது. மதியத்துக்குள் கல்வெட்டின் டிசைனும் வந்துவிட்டது. கருங்கல், பொன்னெழுத்து, சேகர் படம். அதன் கீழே, அவன் பெயரைவிடப் பெரிதாக, உபயம் செய்யும் பட்டுக்கடைக்காரர்களின் பெயர்கள். அந்தமானில் நாங்கள் வருடாவருடம் இறங்கும் பவளப்பாறையின் பக்கத்தில் ஒரு சின்னப் படகு மூழ்கிக் கிடக்கிறது. அதில் இந்தக் கல்லைக் கம்பி போட்டுக் கட்டப் போகிறார்களாம். படித்ததும் அருவருப்புதான் வந்தது. அழுகைகூட அப்புறம்தான் வந்தது.

அவனை அறிந்தவர்களே, அதற்குள் மறந்துவிட்டதா? கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்து உபயதாரர் பெயர் எழுதுகிறவர்கள் நாம். அந்தப் புத்தியைக் கடலுக்கும் கொண்டுபோனோம். போன தடவை, குழுவின் பெயரும் ஊர்ப் பெயரும் பொறித்த எவர்சில்வர் தகட்டை அதே படகில் கட்டி முறுக்கினீர்கள். கம்பி இழுத்ததில், படகின்மேல் கிளை விட்டு வளர்ந்திருந்த பவளம் ஒடிந்து விழுந்தது. அதன் பக்கத்தில் மிதந்துகொண்டு படம் வேறு எடுத்துக்கொண்டீர்கள். சீ!

நீருக்குள் சேகர் என் ஜோடி. ஒருவனுக்குக் காற்று தீர்ந்தால் மற்றவன் கொடுக்க வேண்டும் என்பதால் ஜோடியாகத்தான் இறங்குவோம். மறுநாள் அவன் கட்டிங் பிளேயரோடு இறங்கினான். நான் டார்ச் பிடித்தேன். கம்பியை நறுக்கி, ஒரு துண்டுகூட விடாமல் பையில் போட்டுக்கொண்டான். மேலே வந்ததும் தகட்டைக் குழுத் தலைவரின் காலடியில் வீசினான்.

"மீனு படிக்குமாபா உங்க பேர? அது வூட்டாண்ட போய் போர்டு மாட்டிக்கினு இருக்கீங்க, வெக்கமா இல்ல?"

"நம்ம ஊர் பேரு கடலுக்குள்ள இருக்குதுன்னா பெருமைதானபா?" என்றார் தலைவர்.

"பெருமையா? தூ!" என்று சேகர் தண்ணீரில் துப்பினான். உடனே என்னிடம் முணுமுணுத்தான்: "அங்க துப்பியிருக்கக் கூடாதுபா. கடல் இன்னா பண்ணுச்சு, பாவம்."

இரங்கல் கூட்டத்தில் அதே தலைவர் மைக்கைப் பிடித்து, அந்தக் கல்தான் சேகரின் கடைசி ஆசை என்றார். வாய் கூசவில்லை. நீங்களும் போண்டாத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினீர்கள். சேகரின் மனைவி சுமதி தட்டவில்லை. வாசலில் என்னை நிறுத்தி ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

"அவரு குடுக்கச் சொல்லலண்ணா. நானாத்தான் தரேன். இன்னாத்துக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

உப்பேறித் துருப்பிடித்த அந்தக் கட்டிங் பிளேயர்தான் அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது. துரு போகத் தேய்த்து, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் கல்லைக் கட்டிவிட்டு வாருங்கள். மறுநாள் நான் இறங்குவேன். டார்ச் பிடிக்கத்தான் ஆள் இல்லை.