கரண்ட் இல்லாத நேரத்து சுவிட்ச்

சம்பாவுக்குச் சேறடிக்கப் போகும் டிராக்டரின் இரும்புச் சக்கரத்தில் உடைந்திருந்த பட்டையை என் மகன் இரும்பறுக்கும் கை கிரைண்டரால் அறுத்துக்கொண்டிருந்தான். அதன் வயருக்குப் பிளக் கிடையாது. இரண்டு முனைகளையும் சுவர் பிளக் பாயிண்டின் துளைகளில் செருகி, மூன்று தீக்குச்சிகளால் இறுக்கியிருந்தான். இடுப்பெலும்பு முறிந்து நாற்காலியில் கிடக்கும் என்னால் குச்சிகளை எண்ணத்தான் முடிந்தது.

மின்சாரம் போயிற்று. கிரைண்டரின் சுவிட்சை அணைக்காமலே அதைத் தரையில் வைத்துவிட்டு, தேய்ந்த பிளேடைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தான்.

"சுவிட்ச ஆஃப் பண்ணுடா!"

"கரண்டே இல்லப்பா, எத ஆஃப் பண்றது?"

"வந்துடுச்சுன்னா?"

"வந்தா நீங்கதான் மொத ஆளா கத்துவீங்களே!" என்று சிரித்துக்கொண்டே ஸ்பேனரை என் பக்கம் ஆட்டினான்.

அப்போது என் தலைக்கு மேல் விசிறி அசைந்தது. கிரைண்டர் துள்ளி அவன் காலை நோக்கிப் பாய்ந்தது. எனக்குக் கத்தக்கூட வரவில்லை. வயர் இழுபட்டுக் குச்சிகள் தெறித்து, முனைகள் வெளியே வந்த பிறகுதான் அது அடங்கியது.

அவன் விரல்களை எண்ணினேன். கையில் பத்து, காலில் பத்து.

வயர் முனைகளை மறுபடி கையில் எடுத்தவன், "தீப்பெட்டி எங்கப்பா?" என்றான். நாற்காலியருகே கிடந்ததை எடுத்து வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டேன்.

அவன் வேப்பங்குச்சி ஒடிக்கப் போனான்.