ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்தவன்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மண்டபம் நிறைய ஜனம். அத்தனை பேர் முன்னால், மேடையிலிருந்து ஒரு பெரிய மனுஷர் என்னைத் திட்டினார். மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். திருஷ்டி பொம்மை மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

திட்டு எனக்குப் புதுசு இல்லை. மைக் செட் காரன் பிழைப்பே அதுதான். சத்தம் குறைந்தால் விசேஷம் வைத்தவர் திட்டுவார். கூடினால் பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார். சரியாக இருந்தால்… அப்படி ஒருத்தன் இருக்கிறான் என்றே யாருக்கும் தெரியாது. ஆனால் திட்டு வாங்கி எனக்கு வயிறு நிறைந்தது இதுதான் முதல் தடவை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

நடுவில் சில வாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் நான் எழுதவில்லை. "எங்கய்யா ஆளு… படிக்கப் போயிட்டாரா?" என்று ஒரு வாசகர் கிண்டலாகக் கேட்டாராம். ஐந்தாம் வகுப்பே என்னைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டு அனுப்பி வைத்துவிட்டது. இனிமேலா? இரண்டு சுழி எங்கே, மூன்று சுழி எங்கே என்று நம் ஆசிரியர்தான் ரிப்பேர் செய்து போடுகிறார், பாவம்.

விஷயம் அது இல்லை. என் பொண்ணு பிங்கி ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

இரண்டு வயசு. சும்மா காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். காய்ச்சல் ஏறி, ஃபிட்ஸ் வந்து, தூக்கிக்கொண்டு ஓடினோம். வைரஸ், மூளை வரைக்கும் போயிருக்கிறது என்றார்கள். "அது எந்த ஏரியாக்காரன் மேடம்? நான் வேணா போயி பேசிப் பாக்கறேன்" என்றேன் டாக்டரம்மாவிடம். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும். எனக்கு ஜோக் வரும். அதற்கும் எங்கேயாவது மருந்து இருக்கும்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தது பிங்கிதான். அதே மூக்கு, அதே சுருட்டை முடி. ஆனால் சத்தம் மட்டும் கூட வரவில்லை.

பிங்கி எப்படிப்பட்ட சத்தம் என்று உங்களில் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளையார் பந்தலில் அய்யர் பக்தியாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, எக்கோ திருகை முழுசாகத் திருப்பிவிட்டவள் அவள்தான். ஒரு அய்யர் பத்து அய்யர் ஆகிவிட்டார். தெருவே பயந்துபோனது. அன்றைக்கு அப்புறம் ஆம்ப்ளிஃபயரை உயரமான டேபிள் மேல், அதற்கும் மேல் ஒரு பெட்டி போட்டு, கோபுரக் கலசம் மாதிரி வைக்க ஆரம்பித்தேன்.

வீட்டிலும் அதே கதைதான். டம்ளரைத் தட்டுவாள், டப்பாவை உருட்டுவாள், ஸ்டவ்வுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். என் பொண்டாட்டி சாந்தி கார்மென்ட்ஸில் டெய்லர். நாள் பூரா மெஷின் சத்தம் கேட்டுவிட்டு வருகிறவள். "பெரிய எலக்ட்ரிக் வேலைக்காரராச்சே… இவள அஞ்சு நிமிசம் ஆஃப் பண்ண ஒரு சுவிட்ச் வெச்சுக் குடுங்களேன்" என்பாள்.

அந்த ஜோக்கை இப்போது எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிங்கி, வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நடை போச்சு. சுவரைப் பிடித்து இரண்டு அடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். "ப்பா"கூட இல்லை. எல்லாவற்றையும்விட அந்த வலது கைதான்… எதைக் கொடுத்தாலும் விரல் மூடாது. பொம்மை, பந்து, பிஸ்கட், எல்லாம் வழுக்கிக் கீழே விழும். விழுந்ததைப் பார்ப்பாள். அழக்கூட மாட்டாள்.

"கை சரியாயிடுமா மேடம்?"

டாக்டரம்மா நல்லவர். கன்னடக்காரர். நமக்காகத் தமிழில் பேசுவார். "நோடி… பாருங்க, மூளைக்கு அடி பட்டிருக்கு. ஸ்வல்ப டைம் கொடுக்கணும். எதையாவது பிடிக்க வையுங்க. அவளுக்கே ஆசை வரணும். முன்னாடி இப்படி இருந்தா, அப்படி இருந்தான்னு கம்பேர் மாடபேடி."

ஸ்வல்ப! கன்னடத்தில் 'கொஞ்சம்' என்று அர்த்தம். ஆனால் நம்ம ஊரில் இந்த வார்த்தைக்கு அளவே கிடையாது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஐந்தாவது ஆளாக இடிப்பவரும் "ஸ்வல்ப" என்பார். தண்ணி லாரி நாளைக்குத்தான் என்பவரும் "ஸ்வல்ப" என்பார். டாக்டர் சொன்னது எந்த ஸ்வல்ப? கேட்க தைரியம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கம்பேர் பண்ணாதே என்றால்? நீங்களே சொல்லுங்கள். காது என்று ஒன்று இருக்கிறதே! ஊருக்கெல்லாம் சத்தம் வாடகைக்கு விடுகிறவன் நான். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால், உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும். ஒரு டம்ளர் உருண்டால் போதும் என்று இருந்தது. ஒரு நாள் நானே ஒரு டம்ளரை உருட்டிப் பார்த்தேன். சாந்தி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். கையில் கரண்டி, முகமெல்லாம் ஆசை.

"அவளா?"

"இல்ல… நான்தான்."

திரும்பிப் போனாள். அன்றைக்கு சாம்பாரில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

இதில் தெருக்காரர்கள் வேறு. வருகிற போகிறவர்கள் எல்லாம் பிங்கியின் கன்னத்தைக் கிள்ளி, "அய்யோ, எவ்ளோ சமத்தாயிட்டா! முன்ன எல்லாம் என்ன ஆட்டம் ஆடுவா!" என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். எனக்கு யாரோ ஹாரன் ஸ்பீக்கரைக் காதில் வைத்துக் கத்தின மாதிரி இருக்கும். நாம்தான் எப்படிப்பட்ட ஜனம் பாருங்கள்… குழந்தை ஓடினால் அடிக்கிறோம், உட்கார்ந்தால் மெடல் கொடுக்கிறோம்.

சாந்திக்கு லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. வேலைக்குப் போயே ஆக வேண்டும். அதனால் பிங்கி என்னோடு. எந்த விசேஷமானாலும் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரு பெட்ஷீட்டை விரித்து உட்கார வைத்துவிடுவேன். அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் தலையில் யோசனை வருவதே அபூர்வம். வந்தால் விடுவேனா?

ஆம்ப்ளிஃபயரை டேபிளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன். அவள் கைக்கு எட்டுகிற இடத்தில். சிவப்பு லைட் அவள் பக்கம் பார்க்கிற மாதிரி. ஷாக் அடிக்கிற ஒயரெல்லாம் பின்னால் சுவரோரம் தள்ளி, டேப் சுற்றி மறைத்தேன். திருகுகள் மட்டும் முன்னால்.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பந்தல் போடும் பாஷா பாய் பார்த்துவிட்டார். பிரேசர் டவுன்காரர். எனக்கு அண்ணன் மாதிரி, திட்டுவதற்கு உரிமை உள்ளவர்.

"க்யா தம்பி! பைத்தியமா உனக்கு? மெஷினைக் கீழ வச்சிருக்கே. குழந்தை கை வச்சிடுமே!"

"வைக்கட்டும்னுதான் பாய்."

பாய் என்னைப் பார்த்தார். பிங்கியைப் பார்த்தார். அப்புறம், யாரும் தடுக்கி விழாமல் இருக்க, சுற்றி நான்கு சேர் இழுத்துப் போட்டு வேலி கட்டிவிட்டுப் போனார்.

ஆனால் பிங்கி கை வைக்கவில்லை. ஒரு பேர் சூட்டு விழா போச்சு. ஒரு சீமந்தம் போச்சு. ஒரு ஸ்கூல் ஆண்டு விழா போச்சு. அவள் லைட்டைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன். ஒவ்வொரு விசேஷத்துக்கும் "இன்னைக்கு" என்று கிளம்புவேன். ஒயரைச் சுருட்டும்போது "சரி… அடுத்த விசேஷம்" என்பேன். இந்தத் திருடன் வர மாட்டானா என்று கதவைத் திறந்து போட்டுக் காத்திருந்த வீட்டுக்காரன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

கல்யாணப் பொண்ணு எங்கள் தெருப் பொண்ணு. அதனால் சாந்தியும் பட்டுப்புடவையில் வந்து பொம்பளைங்க வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கேக் வெட்டியாச்சு. அடுத்து வாழ்த்துரை. கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், கேக்குக்கும் பிரியாணிக்கும் நடுவில் ஒரு பாலைவனம் இருக்கிறது என்று. அன்றைக்கு அந்தப் பாலைவனத்துக்குப் பேர் தேவசகாயம் சார். மாப்பிள்ளைக்குப் பெரிய மாமா. ரிட்டயர்டு ஆபீசர்.

"அன்பான சபையோரே! ரெண்டே ரெண்டு வார்த்தை…" என்று ஆரம்பித்தார்.

ஆதாமின் விலா எலும்பில் தொடங்கினார். நோவா வருவதற்குள் பின்பக்கக் கதவு வழியாக பிரியாணி வாசனை வந்துவிட்டது. நோவா பேழையில் ஒவ்வொரு ஜோடியாக ஏற்றிக்கொண்டிருந்தார். ஜனம் சேரில் நெளிய ஆரம்பித்தது. ஆடு ஏறியபோது எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

ஒட்டகம் ஏறும்போது சாருடைய குரல் இறங்கியது. இறங்கி… இறங்கி… காணாமல் போச்சு. வாய் மட்டும் அசைந்தது.

"டக் டக்" என்று மைக்கைத் தட்டினார். "ஏம்ப்பா மைக் செட்டு!"

ஓடினேன். மேடையேறி மைக்கை ஆட்டினேன். பின்னைப் பிடுங்கி ஊதினேன். மண்டியிட்டு ஒயரைத் தடவினேன். மாப்பிள்ளை ஷூவுக்கு அடியில் சிக்கியிருக்குமோ என்று அவரைக் காலைத் தூக்கச் சொன்னேன். அவரும் தூக்கினார், பாவம். மைக் செட் காரன் எல்லாவற்றையும் பார்ப்பான், ஆம்ப்ளிஃபயர் திருகை மட்டும் பார்க்க மாட்டான். அதைத் தொடுகிறவன் அவன் ஒருத்தன்தானே என்ற திமிர்!

கடைசியில் மேடையிலிருந்து திரும்பிப் பார்த்தேன்.

சேர் வேலிக்கு நடுவே பிங்கி. குனிந்து உட்கார்ந்திருந்தாள். நாக்கு வெளியே. வால்யூம் திருகு மேல் ஒரு கை.

வலது கை.

விரல் மூடியிருந்தது. ஐந்தும்.

நான் இறங்கி ஓடியிருக்க வேண்டும், இல்லையா? அங்கேயே நின்றேன். அவள் திருகைப் பிடித்து, வழுக்கி, திரும்பவும் பிடித்து, இந்தத் தடவை மறுபக்கம் முழுசாகத் திருப்பினாள்.

"கீ…………ச்!"

மண்டபமே காதைப் பொத்தியது. பொண்ணு பூங்கொத்தைக் கீழே போட்டாள். மைக் கத்தினால் எங்களுக்கு மானம் போன மாதிரி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பிங்கி தலையைப் பின்னால் சாய்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள்… காதில் விழவில்லை. வாய்தான் தெரிந்தது. எனக்கு அது போதும்.

பாஷா பாய்தான் ஓடிப்போய்த் திருகைக் குறைத்தார். குறைத்துவிட்டு, "அரே வா! அரே வா!" என்று குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். சாந்தி வரிசையை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள் சேலை யாரோ ஒருத்தர் சேரில் மாட்டி இழுத்தது. பிங்கியின் வலது கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு என்னைத் தேடினாள். மேடையிலிருந்த எனக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"என்னங்க… ஆன் ஆயிடுச்சுங்க!"

மண்டபத்தில் யாருக்கும் புரியவில்லை. மைக்கைத்தான் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

தேவசகாயம் சாருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "என்னய்யா இது? கல்யாண வீட்டுக்கு வர்றியா, குழந்தைய மேய்க்க வர்றியா? என்னய்யா புள்ள வளத்திருக்கே! இவ்ளோ வாலா இருக்கு! ஒரு இடத்துல அடங்கி உக்காராதா அது?"

எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை! மைக்கை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

"சார்… அதையே ஒரு தடவை மைக்ல சொல்லுங்க சார்."

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. அதே சாக்கில் யாரோ "சாப்பாடு ரெடி!" என்று கத்த, ஜனம் எழுந்துவிட்டது. நோவாவின் ஒட்டகம் பாதிப் பலகையிலேயே நின்றுபோச்சு. கைகழுவும் இடத்தில் முன்பின் தெரியாத நாலு பேர் பிங்கிக்கு ஷேக்ஹேண்ட் கொடுத்தார்கள். நான் வலது கையைக் கொடுக்க வைத்தேன்.

இதோடு முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் உங்களிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அடுத்த நாள் காலையில் பிங்கி திரும்பவும் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். ஸ்பூனைக் கொடுத்தேன், நழுவி விழுந்தது. நடை இன்னும் சுவரோரம்தான். "ப்பா" இன்னும் வரவில்லை. டாக்டரம்மாவிடம் கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார், கையைத் தட்டினார், அப்புறம் அதே "ஸ்வல்ப"வைச் சொன்னார். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது, அப்படித்தான் என்றார். சரி. ஒரு முறை வந்த ஆளுக்கு வழி தெரியும் இல்லையா? கரண்ட் போய் வருகிற ஊரில் பிறந்தவர்கள் நாம். லைட் ஒரு தடவை மினுங்கினாலே மெழுகுவர்த்தியை அணைக்கப் பார்ப்போம்.

சாந்தி சமையலறையில் டம்ளர்களையெல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டாள். நானும் ஆம்ப்ளிஃபயரை மேலே ஏற்றவில்லை.

அதனால் வரும் மாதங்களில் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டால், முக்கியமான பேச்சு நடுவில் காணாமல் போகலாம். திடீரென்று கீச்சென்று கத்தலாம். ஒரு அய்யர் பத்து அய்யர் ஆகலாம்.

ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.