நாற்பத்தெட்டு கிலோ விரதம்

என் மகளைப் பட்டினி போட்டேன். அதற்கு முருகன் பெயரையும் சொன்னேன்.

அவள் மாநில ஜூடோ அணியில் நாற்பத்தெட்டு கிலோ பிரிவில் இருந்தாள். பதினேழு வயதில் உடம்பு ஐம்பத்திரண்டுக்கு வளர்ந்துவிட்டது. ஐம்பத்திரண்டு கிலோ பிரிவில் வலுவான ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள். ஏறினால் மகளின் இடம் போய்விடும் என்று பயந்தேன். எடை பார்க்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே வீட்டில் அவளுக்குச் சோற்றை நிறுத்தினேன்.

எங்கள் ஊரான அலோர் காஜாவில் எங்களைத் தெரியாதவர்கள் குறைவு. பிள்ளை ஏன் இப்படி இளைத்துவிட்டாள் என்று கோயிலில் கேட்டார்கள். தைப்பூச விரதம் என்றேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் நான் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? அதன்பிறகு அவளால் வெளியிலும் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. கடையில் ரொட்டி சானாய் கேட்டால், விரதமாச்சே பாப்பா என்று யாராவது நினைவூட்டினார்கள். பெண்கள் அவள் பக்தியை மெச்சினார்கள். அவள் தலைகுனிந்து நின்றாள். வியர்த்து எடை குறைய, உச்சி வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு செம்பனைத் தோட்டத்துச் சாலையில் ஓடினாள்.

ஒரு மாலை கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஹங்கேரி நாட்டு ஜூடோ வீராங்கனை ஒருத்தியின் ஆட்டங்கள். பல ஆண்டுகள் நாற்பத்தெட்டில் ஆடிவிட்டு மேல் பிரிவுக்குப் போனவள்.

"மொதல்ல தோத்துக்கிட்டே இருந்தாங்கப்பா. அப்புறம் மெடல் எடுத்தாங்க. நானும் ஏறவா?"

"அவளுக்குப் பின்னால ஒரு நாடே நிக்குது. உனக்கு யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்கன்னு நெனச்சேன் லா."

நான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினேன்.

எடை பார்த்த நாளில் சரியாக நாற்பத்தெட்டு இருந்தாள். இரண்டாவது ஆட்டத்தில், எதிராளி தொடுவதற்கு முன்பே மகள் சரிந்து விழுந்தாள். மருத்துவமனையில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பூசை முடிந்ததும் கோயிலில் எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னேன். "சாமி பேர்லயா சார்?" என்று ஓர் அம்மா கேட்டார். நேரே பயிற்சியாளரிடம் போய், மகளை ஐம்பத்திரண்டுக்கு மாற்றும் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டேன். பரிகாரம் செய்துவிட்ட நிம்மதியோடு வீட்டில் அதை அவளிடம் காட்டினேன்.

படித்துப் பார்த்தாள். "இதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாப்பா?"

அதன்பின் அவள் ஜூடோ உடையைத் தொடவில்லை.

இப்போது அரை மணி நேரப் பயணத்தில் உள்ள பாச்சாங்கில் தனியாக இருக்கிறாள், அங்கேயே வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். நான் சமைத்து வைத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைகிறாள்.