இருநூற்றுப் பதினான்கு குறைகளோடு ஒரு வீடு விற்பனைக்கு

உட்கார்ந்தே சம்பாதித்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்ல வேண்டும். நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கடைசிப் பரிசோதகர். நாற்காலி வரும். உட்காருவார். இடமும் வலமுமாக இடுப்பை ஆட்டுவார், பின்னால் சாய்வார், எழுந்து அதைக் கவிழ்த்து, குறை இருந்தால் அடியில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்த நாற்காலி திரும்பிப் போய்விடும். அதைச் சரிசெய்வது வேறு செக்‌ஷன். அந்தச் செக்‌ஷன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவர் விசாரித்ததில்லை. ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் சாக்பீஸ். ஓய்வு பெற்ற அன்று நடந்த பாராட்டு விழாவில், மேடையில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, விழா முடியும்வரை நின்றுகொண்டே பாராட்டுகளைப் பெற்றுக்கொண்டார்.

அவருடைய மனைவி ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். எதிர்முனையில் யார் எப்படிக் கத்தினாலும் "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று ஒரே குரலில் சொல்லிப் பழகியவர். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் இந்த மனிதரோடு முப்பத்துநான்கு வருடம் தள்ளியிருக்க முடியாது என்று இரண்டு பக்கத்து உறவினர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் இல்லை, ஐம்பத்துநான்கு படிகள். மனைவியின் (கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் 'அம்மா') முழங்கால் போன வருடம் வேலைநிறுத்தம் தொடங்கியது. கடந்த நான்கு மாதத்தில் அவர் தெருவைப் பார்த்தது இரண்டே முறை. இரண்டாம் முறை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். புறப்படும் முன் சாக்பீஸ் அந்த நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்ததில் பத்து நிமிடம் போயிற்று.

அம்மாவின் பள்ளித் தோழிக்குத் தரைத்தளத்தில் ஒரு வீடு இருந்தது. "மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்டி. அதுக்கப்புறம் என் மாப்பிள்ளை சொல்றவங்களுக்குத்தான்" என்று தோழி சொல்லிவிட்டாள். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். இடையில் இருந்தது இரண்டே ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டும் போய்விட்டால் அம்மாவுக்கு மிச்சக் காலம் முழுவதும் ஜன்னல்தான் தெரு.

தரகு வேலை பார்த்த பெண் அதற்கு முன் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவள். எதைச் சொன்னாலும் ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொல்வதுபோல் இருக்கும்.

"ஒண்ணுமில்ல அங்கிள், சின்ன வேலைதான். வீட்டுல என்னென்ன குறை இருக்குன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. ஆள் வச்சு சரி பண்ணிட்டு காட்டிடலாம்."

இந்த வாக்கியத்தை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

சாக்பீஸ் நான்கு நாள் சாப்பாட்டுக்குக்கூட ஒழுங்காக உட்காரவில்லை. தூக்குக் குண்டு, இரும்பு ஸ்கேல், டார்ச் சகிதம் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்த வீட்டை முதல் முறை பார்ப்பவர்போலப் பார்த்தார். ஒவ்வொரு குறையையும் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம், உள்ளே ஒரு எண். எண் ஒன்று, வாசலுக்கு வெளியே மாடிப்படியின் ஒன்பதாவது படி. மற்றவற்றைவிட அரை அங்குலம் உயரம். எண் முப்பத்தொன்று, குளியலறைக் கதவு. இடுப்பால் இடித்தால்தான் திறக்கும். எண் எண்பத்தெட்டு, படுக்கையறை மின்விசிறி; மூன்றில் முனகும், நான்கில் சுற்றவே மறந்துவிடும். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

"ஒன்பதாவது படி உயரம்னு உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டார் அம்மா.

"குடிவந்த அன்னிக்கே."

"இருபத்திரண்டு வருஷமா தெரியும். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு சீவணும்னு தோணல?"

"கண்டுபிடிக்கிறது என் வேலை. சரி பண்றது வேற செக்‌ஷன்."

அந்த வேறு செக்‌ஷனை அம்மாவே போன் போட்டு வரவழைத்தார். கொத்தனார் முக்கால் மணி நேரத்தில் படியைச் சீவிச் சரியாக்கினார். அன்று மாலை கட்டடத்தில் குடியிருந்த அத்தனை பேரும் அந்த இடத்தில் தடுமாறினார்கள். இருபத்திரண்டு வருடமாக அரை அங்குலம் கூடுதலாகத் தூக்கிப் பழகிய கால்களுக்கு நியாயமான படி ஒத்துவரவில்லை. சாக்பீஸ் எண் ஒன்றுக்கு நேரே 'சரிசெய்யப்பட்டது, எனவே ஆபத்து' என்று எழுதிக்கொண்டார்.

பெயிண்டர் திங்கட்கிழமைதான் வருவேன் என்று சொல்லிவிட்டதால், முதல் ஞாயிறன்று வட்டங்கள் அப்படியே இருந்தன. வந்தவர்கள் கணவன், மனைவி, மாமியார். சாக்பீஸ் கையில் லிஸ்ட்டோடு வரிசை எண் தவறாமல் சுற்றிக்காட்டினார். அறுபத்திரண்டில் மாமியாருக்குத் தலை சுற்றியது.

"இதெல்லாம் இருக்கட்டும் சார், வீட்டுல எது நல்லா இருக்கு?" என்று கணவர் கேட்டார்.

சாக்பீஸ் உண்மையாகவே யோசித்தார். "அதை நான் பாக்கலையே" என்றார்.

அவர்கள் போன பிறகு தரகுப் பெண் ஒரு தாளை அம்மாவிடம் நீட்டினாள். அடுத்த ஞாயிறுக்கு முன் வீட்டிலிருந்து அகற்ற வேண்டிய பொருட்கள்: கிழிந்த சோபா, பழைய பேப்பர் கட்டு, காலி மீன்தொட்டி, அங்கிள்.

"வலிக்காது ஆன்ட்டி" என்றாள்.

"எனக்கு எதுக்கு வலிக்கப்போகுது?" என்றார் அம்மா.

இரண்டாம் ஞாயிறு, கடைசி ஞாயிறு. சுவரெல்லாம் புது வெள்ளை. கையில் ஒரு பிளாஸ்க்கோடு சாக்பீஸ் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பப்பட்டார். அரை மணி நேரம் நல்லபடியாகத்தான் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த எண்ணம் வந்தது. சரிசெய்த பொருளை மறுபரிசோதனை செய்யாமல் தொழிற்சாலையிலிருந்து ஒரு நாற்காலிகூட வெளியே போனதில்லை. இங்கே ஒரு முழு வீடு போகப்போகிறது! எழுந்தார்.

கட்டட வாசலில் ஒரு பெண்மணி மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். காலையிலும் மாலையிலும் பிறர் கையில் தன் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும் தைரியசாலி.

"நீங்களும் மூணாவது மாடிக்கா சார்?"

"ஆமா."

"போட்டிக்கு ஆள் இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லையே" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். சாக்பீஸுக்கு அது காதில் விழவில்லை. படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்த அம்மா கணவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தரகுப் பெண்ணின் முகம் வெளிறியது. டெலிபோன் ஆபரேட்டரின் குரல் மட்டும் மாறவில்லை.

"வாங்க, உள்ள வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

இவ்வளவு மரியாதையை அந்த வீட்டில் சாக்பீஸ் கண்டதில்லை. "குடிக்கிறேங்க" என்றார்.

குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். வட்டங்கள் வெள்ளைக்கு அடியில் மறைந்திருந்தாலும் எண்கள் மனப்பாடம். ஜன்னல் கொக்கியை ஆட்டினார், உதட்டைப் பிதுக்கினார். தரையைக் குதிகாலால் தட்டினார். "இந்த மூலை ரெண்டு நூல் சரிவு, கால் அங்குலம்." குளியலறைக் கதவை இடுப்பால் ஒரே இடி இடித்துத் திறந்தார். "இன்னும் சரியாகல."

டிரைவிங் ஸ்கூல் அம்மா எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு தரகுப் பெண்ணைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அவர் ரகசியம் பேசினாலும் ஓடும் காருக்குள் பேசும் குரல்தான்.

"இந்தாம்மா, இந்த ஆளுக்குக் குடுத்துடாதே. நானும் எத்தனையோ பழைய வண்டி வித்திருக்கேன், வாங்கியிருக்கேன். வேண்டாம்னு நினைக்கிறவன் 'நல்லாருக்கு, சொல்லி அனுப்புறேன்'னு சிரிச்சுட்டுப் போயிடுவான். இப்படி ஒண்ணு விடாம திட்றவன் வாங்கிட்டுத்தான் போவான். விலையைக் குறைக்கப் பாக்குறான்!"

தரகுப் பெண் இந்த முறையும் ஊசியை முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் ஹாலில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சோபா இல்லாத இடத்தில் ஜன்னல் வெளிச்சம் தரை முழுவதும் விழுந்திருந்தது. சாக்பீஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாங்க வந்தவர் கண்ணால் பார்த்தால், பரவாயில்லையே! சமையலறையிலிருந்து வெளியே வந்த தரகுப் பெண்ணிடம் கேட்டார்: "கடைசியா என்ன விலைக்கு முடிப்பீங்க?"

"அங்கிள்!" என்று அவள் அலறினாள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். முழங்காலுக்காக இல்லை.

"யோசிச்சு சொல்றேன்" என்றார் சாக்பீஸ்.

"நான் யோசிக்கல" என்றார் டிரைவிங் ஸ்கூல் அம்மா. "கேட்ட விலைக்கே எடுத்துக்கிறேன்."

படியிறங்கும்போது சாக்பீஸ் மனது கேட்காமல் சட்டைப்பையிலிருந்த லிஸ்ட்டை டிரைவிங் ஸ்கூல் அம்மாவிடமே கொடுத்தார். "எல்லாம் எழுதியிருக்கு. படிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க." தோற்றவர் கடைசியாக ஒரு கல் வீசிப் பார்க்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். "வருத்தப்படாதீங்க சார், உங்களுக்கு வேற நல்ல வீடு கிடைக்கும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, ஒன்பதாவது படியைத் தடுமாறாமல் தாண்டினார். அந்தப் படிக்கு அவர் கால் புதிது அல்லவா!

பத்திரம் பதியும் அலுவலகத்தில், மனைவியைத் தாங்கிக்கொண்டு வந்து விற்பவர் பெஞ்சில் உட்கார்ந்த சாக்பீஸைப் பார்த்ததும் டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்கு விஷயம் புரிந்தது. கையெழுத்துப் போட எடுத்த பேனா மூடி திறக்காமலேயே இருந்தது.

"சொந்த வீட்டையா சார் அப்படித் திட்டினீங்க?"

"திட்டலைங்க. இருக்கிறதைச் சொன்னேன்."

"லிஸ்ட்டை வச்சுக்கிட்டு ரெண்டாவது தடவை போய் ஒண்ணொண்ணா பாத்தேன், அன்னிக்கு உங்களைக் காணோம். எல்லாம் சரிதான். ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க."

சாக்பீஸின் முகம் மாறியது. முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை.

"அடுப்புகிட்ட நின்னு குனிஞ்சா மேல் அலமாரி முனை நெத்தியில இடிக்குது. இருநூத்திப் பதினஞ்சு" என்றவர், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சாக்பீஸ் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷமா இடிச்சுக்கிட்டிருக்கேன்."

"சொல்லவே இல்லையே?"

"கண்டுபிடிக்கிறது உங்க செக்‌ஷன் ஆச்சே" என்றார் அம்மா.

தரைத்தளத்து வீட்டுக்கு வந்த முதல் நாள், அம்மா வாசல் பக்கம் நாற்காலி போட்டு, காலை நீட்டி, தெருவை வட்டியும் முதலுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் நேராகச் சமையலறைக்குப் போனார். அடுப்பு முன்னால் நின்றார். குனிந்தார். எதுவும் இடிக்கவில்லை. நம்பாமல் மறுபடி குனிந்தார். வலப்பக்கம் குனிந்தார், இடப்பக்கம் குனிந்தார்.

"நிக்கிறது நிக்கிறீங்க, அப்படியே ஒரு காபி போடுங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

இருபது நிமிடம் கழித்து, எதையோ கண்டுபிடித்தவர்போல டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அம்மா குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"எப்படி இருக்கு?"

அம்மா அவருடைய சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு பெருக்கல் குறி போட்டு, அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.